பணப்பெட்டிச் சாவியும் பள்ளிக்கூடச் சாவியும்

(தாம்பரத்தில் ஆலைத் தொழிலாளர்களும் விவசாயக் கூலிகளும் கூடியிருந்த கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சின் வாசகம்.)



கூலியைப் பற்றிப் பேசினால் கேட்போம், ரேஷனைப் பற்றிப் பேசினால் கேட்போம், செத்துப்போன ஒரு கல்வி மந்திரியின் கதை நமக்கு எதற்கு என்று முன்வரிசையில் ஒரு தோழர் கேட்டுவிட்டார். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லத்தான் எழுந்திருக்கிறோம்.

தோல் ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் இறங்குகிறவனும், சேற்றில் இறங்கி நாற்று நடுகிறவளும் தங்கள் பிள்ளையைப் பற்றி ஒரே ஒரு ஆசைதான் வைத்திருக்கிறார்கள். "இந்தக் குழி என்னோடு போகட்டும்." இந்த ஆசையை ஒரு சர்க்கார் ஒரே உத்தரவில் மண்ணில் புதைக்கப் பார்த்தது. அதே ஆட்சிக் கட்சி பிறகு அதே உத்தரவைத் தன் கையாலேயே கிழித்துப் போட்டது. இரண்டு காட்சியிலும் மேடையில் நின்றவர் ஒரே ஆள். அவர்தான் சி. சுப்பிரமணியம்.

பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் செங்குட்டைப்பாளையம் என்ற ஊரில் 1910-இல் பிறந்தவர். விவசாயக் குடும்பம், வக்கீல் படிப்பு, சுதந்திரப் போராட்டத்தில் சிறைவாசம், அரசியல் நிர்ணய சபையில் இடம். இவையெல்லாம் அந்தக் காலத்துக் காங்கிரஸ் தலைவர்கள் பலருக்கும் பொதுவான படிகள். 1952-இல் ராஜாஜி மந்திரி சபை அமைத்தபோது இவர் நிதி மந்திரி ஆனார். அன்று சென்னை ராஜ்யத்தில் காங்கிரசுக்குப் பெரும்பான்மை கிடையாது. 375 இடங்களில் 152 தான். கம்யூனிஸ்டுகள் 62 பேர் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். முதல் மந்திரி ராஜாஜியோ எந்தத் தொகுதியிலும் ஓட்டுக் கேட்டு நின்றவரல்ல. கவர்னர் நியமித்து மேல்சபைக்கு வந்தவர். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எந்த வாக்காளன் வாசற்படியையும் மிதிக்காதவருக்குப் பிள்ளை பெற்றவன் முகம் தெரியாது.

1953-இல் வந்தது அந்தத் திட்டம். காகிதத்தில் அதற்குப் பெயர் திருத்தியமைக்கப்பட்ட ஆரம்பக் கல்வித் திட்டம். ஜனங்கள் வைத்த பெயர் குலக்கல்வித் திட்டம். கிராமத்துப் பள்ளியில் ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரமாக இருந்த படிப்பை மூன்று மணி நேரமாக்கி, பிள்ளைகளை இரண்டு ஷிப்டாகப் பிரிப்பது. மீதி நேரத்தில் பையன் அப்பனோடு சேர்ந்து குலத்தொழிலைப் பழகுவது, பெண் அம்மாவுக்கு வீட்டு வேலையில் கைகொடுப்பது. ஷிப்டு என்றால் என்ன என்று ஆலைத் தொழிலாளிக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆலையில் ஷிப்டு கூடினால் முதலாளிக்குச் சரக்குக் கூடுகிறது. பள்ளியில் ஷிப்டு கூடினால் பிள்ளைக்கு எழுத்துக் குறைகிறது.

ராஜாஜி சொன்ன காரணத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுவோம். பள்ளி வயதுப் பிள்ளைகளில் பெரும்பகுதி பள்ளிக்கு வெளியே நிற்கிறது. புதிய கட்டிடத்துக்கும் புதிய வாத்தியாருக்கும் கஜானாவில் பணமில்லை. இருக்கிற பள்ளியையே இரண்டு தடவை நடத்தினால் இரண்டு மடங்கு பிள்ளைகள் படிக்கலாம் என்பது அவர் கணக்கு. பிள்ளைகள் வெளியே நின்றது உண்மை. அந்த உண்மையை எடுத்து எங்கே கொண்டுபோய்ச் சேர்த்தார் என்பதுதான் நம் சண்டை.

தச்சன் மகனுக்கு உளி உண்டு, குயவன் மகனுக்குச் சக்கரம் உண்டு என்று வாதத்துக்கு வைத்துக்கொள்வோம். படியாளின் மகனுக்கு எந்தத் தொழில்? செங்கல்பட்டு ஜில்லாவில் ஏரிப் பாசனத்து நஞ்சை நிலத்தில் பரம்பரை பரம்பரையாய் உழைத்தவனுக்குச் சொந்தமாய் ஏர் உண்டா, காளை உண்டா, காணி உண்டா? அவன் குலத்தொழில் என்பது ஆண்டையின் மாட்டை மேய்ப்பதும், சாணி வாருவதும், களத்து மேட்டைப் பெருக்குவதும்தான். அப்படியானால் பள்ளிக்கூடம் விட்டுக்கொடுத்த அந்த மீதி நேரம் யாருக்குப் போயிருக்கும்? பிள்ளைக்குமல்ல, பிள்ளையின் தகப்பனுக்குமல்ல. ஆண்டைக்குச் சம்பளமில்லாத ஒரு மாட்டுக்காரப் பையன் கிடைத்திருப்பான். நகரத்தில் குமாஸ்தாவின் மகனுக்கு இந்த ஷிப்டு கிடையாது. அவனுக்குப் பழையபடி முழு நேரம். பட்டணத்து எல்லை எங்கே முடிகிறதோ அங்கே படிப்பின் நேரமும் பாதியாய் முடிந்தது. அன்று நம் தாம்பரத்தைச் சுற்றியிருந்தவை எல்லாம் வயலும் ஏரியுமான கிராமங்கள்தான்.

இந்தத் திட்டத்தைத் தம் கட்சியையோ சட்டசபையையோ முன்கூட்டிக் கலந்துகொள்ளாமல் அறிவித்தார் ராஜாஜி. அன்று கல்வி இலாகா எம். வி. கிருஷ்ணராவ் கையில் இருந்தது. ஆனாலும் சட்டசபையில் எழுந்து நின்று திட்டத்துக்காக வாதாடிய மந்திரிகளில் முக்கியமானவர் நிதி மந்திரி சுப்பிரமணியம். வக்கீல் அல்லவா, கொடுத்த கட்சிக்காரருக்காக வாதாடினார்.

வெளியே நாடு கொந்தளித்தது. பெரியாரின் திராவிடர் கழகம் எதிர்த்தது. தி.மு.கழகம் மறியலில் இறங்கிச் சிறைக்குப் போனது. கம்யூனிஸ்டுகள் சட்டசபைக்கு உள்ளேயும் வெளியேயும் எதிர்த்தார்கள். டாக்டர் வரதராஜுலு நாயுடு போன்ற காங்கிரஸ்காரர்களே தங்கள் முதல் மந்திரிக்கு எதிராகக் கிளம்பினார்கள். 1953 ஜூலைக் கடைசியில் திட்டத்தைக் கைவிட வேண்டும் என்ற தீர்மானம் சபையில் ஓட்டுக்கு வந்தபோது இரண்டு பக்கமும் சமமாக விழுந்தது. ஒரே ஒரு கை கூடியிருந்தால் அன்றே முடிந்திருக்கும். பிறகு திட்டத்தை நிறுத்தி வைத்து நிபுணர்களுக்கு அனுப்ப வேண்டும் என்ற தீர்மானம் நிறைவேறியது. பருலேகர் தலைமையில் நிபுணர் குழு உட்கார்ந்தது. உட்கார்ந்து யோசித்து, திட்டம் நல்லதுதான் என்றே எழுதிக் கொடுத்தது! நிபுணர்களுக்குப் பிள்ளைகள் எந்த ஷிப்டில் படித்தார்கள் என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

1954-இல் ராஜாஜி விலகினார். அடுத்த தலைவர் யார் என்று காங்கிரஸ் சட்டசபைக் கட்சியில் போட்டி வந்தது. ராஜாஜியின் ஆதரவோடு காமராஜரை எதிர்த்து நின்றவர் யார்? நம் சுப்பிரமணியம்தான். காமராஜருக்கு 93, இவருக்கு 41. தோற்றார். தோற்றவரை வீட்டுக்கு அனுப்புவதுதான் அரசியல் வழக்கம். காமராஜரோ இவரை அழைத்து நிதி இலாகாவோடு கல்வி இலாகாவையும் கொடுத்தார். 1954 ஏப்ரல் 13-ந் தேதி காமராஜர் பதவி ஏற்றார். மே 18-ந் தேதி, திட்டம் கைவிடப்பட்டது என்று சட்டசபையில் அறிவித்தவர் கல்வி மந்திரி சுப்பிரமணியம்.

இங்கே கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும், தோழர்களே. 1953-இல் பள்ளிக்கூடத்துக்குக் காசில்லை என்று சொன்ன சர்க்காரின் பணப்பெட்டிச் சாவி யாரிடம் இருந்தது? இவரிடம். 1954-க்குப் பிறகு ஊர் ஊராகப் பள்ளிக்கூடம் திறக்கப் பணம் கொடுத்த சாவி யாரிடம் இருந்தது? இவரிடமேதான். ஒரு வருஷத்தில் கஜானாவில் பொன்மழை பெய்துவிட்டதா? இல்லவே இல்லை. ஆந்திரா பிரிந்துபோய் ராஜ்யமும் சிறுத்திருந்தது. மாறியது தெருவிலிருந்த ஜனங்களின் சத்தம்தான். "காசில்லை" என்று சர்க்கார் சொல்லும்போது அது பல சமயங்களில் கணக்கு அல்ல, ஒரு அரசியல் முடிவு. இந்தப் பாடத்தைச் சுப்பிரமணியத்தின் உத்தியோக வாழ்க்கையைவிடத் தெளிவாகக் காட்டுகிற ஏடு வேறில்லை என்பது எங்கள் அபிப்பிராயம்.

1962 வரை அவர் கல்வி மந்திரி. அந்த எட்டு வருஷத்தில் நடந்ததைக் குறைத்துச் சொல்ல மாட்டோம். எதிர்க்கட்சி என்பதற்காக வெள்ளையைக் கறுப்பு என்று சொல்வது தொழிலாளி வர்க்கத்தின் பழக்கமல்ல. நெய்யாடுபாக்கத்திலிருந்து வந்த நெ. து. சுந்தரவடிவேலு பொதுக்கல்வி டைரக்டர், நம் ஜில்லாக்காரர். மேலே காமராஜர், நடுவே சுப்பிரமணியம், கீழே சுந்தரவடிவேலு. ஒரு மைலுக்குள் ஆரம்பப் பள்ளி, மூன்று மைலுக்குள் நடுநிலைப் பள்ளி, ஐந்து மைலுக்குள் உயர்நிலைப் பள்ளி என்று குறி வைத்தார்கள். 1955-இல் பென்ஷன், சேமநல நிதி, இன்ஷூரன்ஸ் ஆகிய மூன்றும் மானேஜ்மெண்டுப் பள்ளி வாத்தியார்களுக்குக் கிடைத்தன. வயதான வாத்தியார் பிச்சை எடுக்காமல் சாகலாம் என்பது அன்று பெரிய சங்கதி. 1956-இல் எட்டயபுரத்தில் மதிய உணவைக் காமராஜர் தொடங்கி வைத்தார். செலவில் ஒரு பங்கு ஊராருடையது, மீதி சர்க்காருடையது. 1958-இல் கடம்பத்தூரில் பள்ளிச் சீரமைப்பு மாநாடு நடந்தது. அதுவும் நம் பழைய செங்கல்பட்டு ஜில்லாதான். பெஞ்சு, கரும்பலகை, கூரை, சீருடை என்று ஊரார் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

மதிய உணவு வந்த நாளில், சோற்றுக்காகத்தான் பிள்ளைகள் வருகிறார்கள் என்று கேலி பேசிய கனவான்கள் இருந்தார்கள். ஆமாம், சோற்றுக்காகத்தான் வந்தார்கள்! பசித்தவன் சோற்றுக்கு வராமல் இலக்கணத்துக்கா வருவான்? வந்தவன் உட்கார்ந்தான், உட்கார்ந்தவன் படித்தான். 1982-இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். 2022-இல் காலைச் சிற்றுண்டியும் வந்தது. ஒருவரையொருவர் ஏசிக்கொண்ட கட்சிகள்கூட அந்தத் தட்டைப் பிடுங்கத் துணியவில்லை.

ஆனால் குறையும் உண்டு. பள்ளிக்கூடம் கட்டினார்களே தவிர, பிள்ளையை மாடு மேய்க்க இழுக்கிற நில உறவு அப்படியே நின்றது. தனியார் மானேஜரின் பிடியும் தளரவில்லை. அந்த மானேஜர்மீது கை வைத்தால் என்ன நடக்கும் என்பதற்குப் பக்கத்துக் கேரளத்தைப் பாருங்கள். 1957-இல் கம்யூனிஸ்டு மந்திரி சபையில் கல்வி மந்திரியானவர் ஜோசப் முண்டசேரி. தாமே கல்லூரி ஆசிரியராக இருந்தவர். வாத்தியாருக்குச் சம்பளத்தை மானேஜர் கை வழியாகக் கொடுக்காமல் சர்க்காரே நேராகக் கொடுக்க வேண்டும், நியமனத்துக்கு ஒரு முறை வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தார். ஜனாதிபதி அதைச் சுப்ரீம் கோர்ட்டின் அபிப்பிராயத்துக்கு அனுப்பினார். திருத்தி, மறுபடி நிறைவேற்றி, சட்டமானது. உடனே மதத் தலைவர்களும் ஜாதித் தலைவர்களும் தெருவில் இறங்கினார்கள். 1959 ஜூலை 31-ந் தேதி மந்திரி சபையையே மத்திய சர்க்கார் கலைத்தது. சுப்பிரமணியம் எட்டு வருஷம் இருந்தார், முண்டசேரி இரண்டே வருஷம். ஒருவர் சோறு போட்டார், சொத்தைத் தொடவில்லை. மற்றவர் சொத்தைத் தொட்டார்.

பிற்பாடு சுப்பிரமணியம் டில்லிக்குப் போய் உணவு மந்திரியானார், 1965-இல் இந்திப் பிரச்னையில் ராஜினாமாக் கடிதம் கொடுத்தார், 1967-இல் தோற்றார், 1998-இல் பாரத ரத்னா பெற்றார், 2000-இல் மறைந்தார். இவற்றையெல்லாம் விஸ்தரிக்க இன்று நேரமில்லை.

ஒன்றை மட்டும் சொல்லாமல் விட முடியாது. சுப்பிரமணியம் கல்வி மந்திரியாக இருந்தபோது கல்வி ராஜ்யங்களின் அதிகாரத்தில் இருந்தது. அவசரநிலைக் காலத்தில், 1976-இன் 42-வது அரசியல் சட்டத் திருத்தம் அதைப் பொதுப்பட்டியலுக்குக் கொண்டுபோனது. அதன் பலனைக் கண்முன்னே பார்த்தோம். மத்திய சர்க்கார் சொன்ன திட்டத்தில் கையெழுத்துப் போடவில்லை என்பதற்காக, தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கு 2024-25-ஆம் ஆண்டுக்கு வரவேண்டிய சமக்ர சிக்ஷா நிதி நிறுத்தி வைக்கப்பட்டது. ராஜ்ய சர்க்கார் 2025-இல் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போக வேண்டியதாயிற்று. அன்று இரண்டு சாவியும் ஒரே மந்திரியின் இடுப்பில் தொங்கின. பள்ளிக்கூடச் சாவி சென்னையில் இருக்க, பணப்பெட்டிச் சாவியில் ஒன்று டில்லியில் மாட்டிக்கொண்டது. நாம் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் கல்வி மந்திரியிடம் கேள்வி கேட்டால், அவர் வடக்கே கை காட்டுகிறார். சில சமயம் அது உண்மை. சில சமயம் அது சௌகரியம். எது எப்போது என்று கண்டுபிடிப்பது நம் வேலை.

அதற்குத்தான் ஒரு சின்ன வேலை தருகிறோம். 2009-ஆம் ஆண்டுக் கட்டாயக் கல்விச் சட்டப்படி, ஆரம்பப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு வாத்தியார் இருக்க வேண்டும், அதற்கு மேல் 90 வரை மூன்று பேர். பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்கள், பாதிப் பேர் பெண்கள். முடிச்சூர்த் தோழர்கள், பம்மல் தோழர்கள், அகரம்தென் பக்கத்து விவசாயத் தோழர்கள், எல்லோரும் அவரவர் ஊர் சர்க்கார் பள்ளிக்குப் போய்ப் பிள்ளைகள் எத்தனை, வாத்தியார் எத்தனை, கக்கூசுக்குத் தண்ணீர் வருகிறதா, அந்தக் குழு கடைசியாக எப்போது கூடியது என்று ஒரு தாளில் எழுதி வாருங்கள். எழுதத் தெரியாதவர்கள் பிள்ளையை விட்டு எழுதச் சொல்லுங்கள். அடுத்த கூட்டத்தில் அந்தத் தாள்களை வைத்துக்கொண்டு பேசுவோம்.