தொழில் மாறிச் செவிலியராவோர்க்கு

(சங்கத்தின் வெள்ளி விழாக் கல்வியரங்கில் ஆற்றிய உரை)

 

சங்கம் 25 ஆண்டுகளை நிறைவு செய்யும் இந்நன்னாளில், பள்ளி முடித்து நேரே கல்லூரி செல்லும் பிள்ளைகளைப் பற்றிப் பேசுவோர் பலர் உளர். நாம் பேச விழைவது வேறொரு சாராரைப் பற்றி. பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, பனியன் கம்பெனியிலும் நூற்பாலையிலும் துணிக்கடையிலும் ஐந்தாறு ஆண்டுகள் உழைத்துவிட்டு, "ஐயா, இனிமேல் படிக்க முடியுமா?" என்று கேட்டுக்கொண்டு எம் பள்ளி வாயிலுக்கு மீண்டும் வருகின்றவர்கள் இவர்கள். ஆண்டுதோறும் இத்தகையோர் வருகின்றனர். அவருள் பலர் விரும்புவது செவிலியர் படிப்பேயாகும்.

செவிலியர் தொழிலை நம் மக்கள் வெறும் பிழைப்பு வழியாக மட்டும் கருதுதல் கூடாது. நம் பாட்டிமாருள் மருத்துவச்சிகள் பலர் இருந்தனர். பல ஊர்களில் மேல்தெருப் பிள்ளைகளின் தொப்புள்கொடியை அறுத்தவை நம் சேரிப் பெண்களின் கைகளே. பிள்ளை பிறக்கும்வரை அக்கைகள் வேண்டியிருந்தன. பிறந்தபின் அக்கைகளால் ஒரு குவளை நீர் வாங்கிப் பருக அவ்வீட்டார் ஒருப்படவில்லை. படியளந்த நெல்லே கூலி. எந்த ஏட்டிலும் அவர்கள் பெயர் எழுதப்படவில்லை. ஆதலால் ஊதியமும் இல்லை, ஓய்வூதியமும் இல்லை. இன்று அதே தொண்டினைச் செய்பவரின் பெயர் அரசின் பதிவேட்டில் ஏறுகின்றது. அந்தப் பெயரேற்றத்தைப் பற்றியே இன்று நாம் பேசப்போகின்றோம்.

வயது கடந்துவிட்டதே என்று அஞ்சுவோர்க்கு இரண்டு வரலாறுகள். பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் ஜெர்மனியின் கைசர்ஸ்வெர்த் என்னுமிடத்தில் முறையான பயிற்சி பெற்றது 1851இல். அப்போது அவருக்கு வயது 31. 1848 முதல் ஒடுக்கப்பட்டோர்க்கும் பெண்களுக்கும் கல்வி புகட்டிய ஆசிரியை சாவித்திரிபாய் பூலே, புனே வட்டாரத்தில் பிளேக் நோய் பரவியபோது நோயாளரைப் பேணும் பணியில் இறங்கினார். நோயுற்ற மகர் சாதிச் சிறுவனொருவனைத் தம் தோளில் சுமந்து மருத்துவமனை சேர்த்த அவரையும் அந்நோய் பற்றியது. 1897 மார்ச் 10ஆம் நாள் மறைந்தார். அவருக்கு அப்போது வயது 66. தொண்டுக்கு வயது இல்லை. ஆனால் படிப்புக்கும் பணிக்கும் சட்டம் வகுத்த வயதும் விதியும் உண்டு. பிந்தி வருவோர் அவற்றை முன்னரே அறிந்துகொள்ளல் வேண்டும். ஏனெனில் இரண்டாம் முறை வழி தவறுவதற்கு அவர்களிடம் ஆண்டுகள் இல்லை.

செவிலியர் பதிவுக்கெனத் தனிச்சட்டம் முதன்முதலில் இயற்றியது நியூசிலாந்து நாடு, 1901இல். நம் சென்னை மாகாணத்தில் செவிலியர், மகப்பேற்றுத் தாதியர் சட்டம் 1926இல் இயற்றப்பட்டது. நாடு முழுமைக்குமான இந்திய நர்சிங் கவுன்சில் சட்டம் 1947இல் வந்தது. நம் நாட்டில் படிப்பின் இறுதித் தேர்வில் தேறியவர் மாநில நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்துகொள்ளுதலே தொழில் உரிமமாகும். எத்தனை ஆண்டுகள் ஊசி போட்டிருந்தாலும், எத்தனை சான்றிதழ்களைச் சட்டமிட்டு மாட்டியிருந்தாலும், பதிவேட்டில் பெயரில்லாதவர் செவிலியர் ஆகார்.

எம் பழைய மாணவி ஒருவரின் அனுபவத்தை இங்குக் கூறுதல் தகும். திருப்பூரில் 6 ஆண்டுகள் தையல் பிரிவில் உழைத்து, அதில் சேர்த்த பணத்தைக் கட்டி, ஒரு சிறுநகரின் மாடியறையில் நடந்த ஓராண்டு 'நர்சிங்' பயிற்சியில் அவர் சேர்ந்தார். வெள்ளைச் சீருடை தந்தார்கள். விழா வைத்துச் சான்றிதழும் தந்தார்கள். அதைக் கொண்டு தனியார் மருத்துவமனையொன்றில் வேலையும் கிடைத்தது. ஆனால் பக்கத்துப் படுக்கையைப் பார்த்துக்கொண்ட பதிவுபெற்ற செவிலியரின் சம்பளத்தில் பாதிகூட இவருக்கு இல்லை. அரசுப் பணிக்கு விண்ணப்பிக்க முனைந்தபோதுதான் அச்சான்றிதழைக் கொண்டு பதிவு செய்யவே இயலாது என்று தெரியவந்தது. அவர் சோர்ந்துவிடவில்லை. 27ஆம் வயதில் அங்கீகாரம் பெற்ற பள்ளியில் ஜி.என்.எம். பட்டயப் படிப்பில் சேர்ந்து, 30ஆம் வயதில் முடித்துப் பதிவும் பெற்றார். எனினும் இழந்த பணமும் ஆண்டும் இழந்தவையே. இவ்விழப்பு நம் பிள்ளைகளுள் இன்னொருவர்க்கு நேரலாகாது.

ஆகவே, சேருமுன் அறிய வேண்டியவை நான்கு.

முதலாவது, அங்கீகாரம். நாம் சேரும் பள்ளியின் பெயர் கவுன்சில் வெளியிடும் அவ்வாண்டுப் பட்டியலில் உள்ளதா என்று பார்த்தல் வேண்டும். தரகர் சொல்லையோ சுவரொட்டியையோ நம்பிப் பணம் கட்டலாகாது.

இரண்டாவது, தகுதி. துணைச் செவிலியர்க்கான ஏ.என்.எம். படிப்பு 2 ஆண்டுகள், ஜி.என்.எம். 3 ஆண்டுகள், பி.எஸ்சி. நர்சிங் 4 ஆண்டுகள். பி.எஸ்சி. நர்சிங் படிப்புக்கு மேனிலைப் பள்ளியில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருத்தல் வேண்டும். ஜி.என்.எம். படித்தவர் பின்னர் 2 ஆண்டுகள் படித்துப் பட்டம் பெறவும் வழியுண்டு. இந்திய நர்சிங் கவுன்சில் விதிப்படி ஜி.என்.எம். சேர்க்கைக்கு 17 வயது நிறைந்திருத்தல் வேண்டும், மேல்வரம்பு 35. மாநில அரசு ஆண்டுதோறும் வெளியிடும் விளக்கக் குறிப்பேட்டில் பாடப்பிரிவும் வயதும் தனியே வரையறுக்கப்பட்டிருக்கும். அதனை வரிவிடாது படித்தல் வேண்டும். அரசு ஒதுக்கீட்டில் ஆதிதிராவிடர்க்கு உரிய 18 விழுக்காடும், அதனுள் அருந்ததியர்க்கு உரிய 3 விழுக்காடும் கேட்டுப் பெறவேண்டிய உரிமைகள்; சாதிச் சான்றிதழை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்க.

மூன்றாவது, பணம். ஆதிதிராவிடர் நலத்துறை வழியாகக் கிடைக்கும் மேற்படிப்பு உதவித்தொகையில் பலரறியாத ஒரு பழைய விதி உண்டு. ஒரு படிப்பு நிலையை முடித்தவர் அதே நிலையில் வேறொரு பாடத்தைப் படிக்கப் புகுந்தால் அத்தொகை கிடைப்பதில்லை. பன்னிரண்டாம் வகுப்போடு நின்று ஆலைக்குச் சென்றவரை இவ்விதி தடுக்காது, பி.எஸ்சி. விலங்கியல் முடித்துவிட்டுப் பி.எஸ்சி. நர்சிங் சேர்பவரைத் தடுக்கும். பட்டம் பெற்றபின் தொழில் மாற நினைப்போர், சேருமுன் நலத்துறை அலுவலகத்தில் எழுத்து மூலமாகக் கேட்டறிதல் நன்று.

நான்காவது, வயதுக் கணக்கு. எய்ம்ஸ் மருத்துவமனைகளின் நர்சிங் அலுவலர் தேர்வுக்கு வயது வரம்பு 30. நமக்கு 5 ஆண்டுகள் தளர்வு உண்டாதலின் 35. ஜி.என்.எம். படித்தவர் 50 படுக்கைகளேனும் உள்ள மருத்துவமனையில் 2 ஆண்டு அனுபவமும் காட்டல் வேண்டும். 28 வயதில் ஜி.என்.எம். சேர்பவர் 31இல் முடித்து, அனுபவம் பெற்று, 33இல் அத்தேர்வை எழுதலாம். 31இல் சேர்பவர்க்கு அக்கதவு அடைபட்டுவிடும். ஆயினும் அவர் மனம் தளர வேண்டா. தமிழக அரசின் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழி நடைபெறும் தேர்வில் நம்மவர்க்கு வயது வரம்பு இதனினும் மிகத் தளர்வானது. இளைஞர்களுக்கும் ஒரு சொல்: இது பெண்களுக்கு மட்டுமே உரிய தொழிலன்று. எய்ம்ஸ் பணியிடங்களில் ஆண்களுக்கும் இடமுண்டு.

இனிப் படிப்பைப் பற்றி. பலரை அச்சுறுத்துவது ஆங்கிலம். உடற்கூற்றியலும் நுண்ணுயிரியலும் முதலாண்டிலேயே வந்துவிடும். சொற்களை மொத்தமாக உருப்போடாமல் பிரித்துப் படித்தல் வேண்டும். 'ஐட்டிஸ்' என்று முடிந்தால் அழற்சி என்று அறிக. ஹெபடைட்டிஸ் கல்லீரல் அழற்சி; நெஃப்ரைட்டிஸ் சிறுநீரக அழற்சி; ஆர்த்ரைட்டிஸ் மூட்டழற்சி. வேர்ச்சொற்களை நாளொன்றுக்கு ஐந்தாகத் தமிழ்ப்பொருளுடன் குறிப்பேட்டில் எழுதி வருபவர்க்கு ஆறு திங்களில் அச்சம் அகலும்.

அடுத்தது கணக்கு. ஒரு நோயாளிக்கு 1000 மில்லி லிட்டர் குளுக்கோஸ் 8 மணி நேரத்தில் ஏற்ற வேண்டும். மில்லி லிட்டருக்கு 15 துளி விழும் குழாய். நிமிடத்துக்கு எத்தனை துளி? 15,000 துளிகளை 480 நிமிடங்களால் வகுத்தால் ஏறக்குறைய 31. இது பள்ளியில் கற்ற விகிதக் கணக்கேயன்றி வேறில்லை. ஆனால் இங்கே தவறினால் குறைவது மதிப்பெண் மட்டுமன்று. படுக்கையிலிருப்பவர் உயிருக்கே ஊறு நேரும். ஆதலால் பழைய கணக்கு நூலைத் தூசு தட்டி எடுத்துப் பயில்வதில் வெட்கம் வேண்டா.

மருத்துவமனைப் பயிற்சியில் மட்டும் தொழில் மாறி வந்தவர்க்கே மேன்மை உண்டு. நூற்பாலையில் இரவுப் பணி பார்த்தவர் இரவு விழித்திருக்க அஞ்சமாட்டார். துணிக்கடையில் பத்து மணி நேரம் நின்றவர்க்குக் கால் கடுக்காது; முகம் சுளிக்கும் மனிதரிடம் அமைதியாகப் பேசவும் அவர்க்குத் தெரியும். ஆயினும் ஓர் எச்சரிக்கை. செய்முறைப் பயிற்சியில் விடுபட்ட நாள்களை முழுமையாக ஈடு செய்தாலன்றிப் பட்டயம் கிடைக்காது. வீட்டில் காதுகுத்து, ஊரில் திருவிழா என்று விடுப்பு எடுப்போர் இதை நினைவிற் கொள்க.

தேர்வில் தேறியவுடன் தாமதியாமல் பதிவு செய்தல் வேண்டும். சான்றிதழைப் பெட்டியில் வைத்துப் பூட்டுவதால் பயனில்லை. அதன்பின் போட்டித் தேர்வுகள். எய்ம்ஸ் தேர்வில் தவறான விடை ஒவ்வொன்றுக்கும் மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் குறையும். தெரியாததைக் குருட்டடியாகக் குறித்தலாகாது.

அயல்நாடு செல்வோர்க்கு அந்நாட்டு உரிமத் தேர்வு தனியே உண்டு. அமெரிக்காவின் என்கிளெக்ஸ் தேர்வு கணிப்பொறியில் நடப்பது. 2023 ஏப்ரல் முதல் குறைந்தது 85, மிகுந்தால் 150 வினாக்கள். நேரம் 5 மணி. நாம் தரும் விடைக்கேற்ப அடுத்த வினா அமையும். முதன்மையாகச் சோதிக்கப்படுவது தீர்மானிக்கும் திறன். நால்வர் படுக்கையில் உள்ளனர்: ஒருவர் வலிக்கு மாத்திரை கேட்கிறார், ஒருவர்க்குக் கட்டு மாற்ற வேண்டும், ஒருவர் வீடு திரும்பக் காத்திருக்கிறார், ஒருவர் மூச்சுத் திணறுகிறார். முதலில் எவரிடம் செல்வீர்? மூச்சு முதலில், குருதியோட்டம் அடுத்து, பிற பின்னர் என்னும் வரிசையைப் படுக்கையருகே நின்று பழகியவர்க்கு இவ்வினா எளிது. நூலை மட்டும் ஓதியவர்க்குக் கடினம். வெளிநாடு அனுப்புவதாகக் கூறிப் பணம் பறிப்போரும் உளர். தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் இயங்கி வருகின்றது. முதலில் அங்கே சென்று விசாரிக்க.

சங்கத்தாருக்கு மூன்று வேண்டுகோள்கள். ஒன்று, சேர்க்கைக் காலத்தில் அங்கீகாரப் பட்டியலையும் விளக்கக் குறிப்பேட்டையும் சங்கக் கட்டடத்தில் ஒட்டி, படித்துச் சொல்ல ஒருவரை அமர்த்துங்கள். இரண்டு, உதவித்தொகை கைக்கு வரும்வரை விடுதிக் கட்டணத்திற்கும் சீருடைக்கும் திருப்பித் தரத்தக்க கைமாற்று நிதி ஒன்றை ஏற்படுத்துங்கள். முதல் ஆண்டில் படிப்பை விடுவோர் பலர் இச்சிறு தொகை இன்மையாலேயே விடுகின்றனர். மூன்று, ஏற்கனவே பதிவுபெற்ற நம் செவிலியர்களை ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் வந்து பாடம் சொல்லுமாறு அழையுங்கள். ஆங்கிலமும் கணக்கும் கற்பிக்கும் பொறுப்பை நாம் ஏற்றுக்கொள்கின்றோம்.

தாய்மார்களுக்கும் ஒரு வேண்டுகோள். மணமான மகளோ மருமகளோ படிக்க விரும்பினால், மூன்றாண்டுகள் அவள் பிள்ளையை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். நிதியினும் பெரிய உதவி அதுவே. ஊரார் பிள்ளைகளையெல்லாம் கையிலேந்திய நம் பாட்டிமாரின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. அவர்தம் பேத்தியரின் பெயர், எண்ணோடும் முத்திரையோடும் பதிவேட்டில் ஏறட்டும். சங்கம் பொன்விழா காணும்போது அப்பெயர்களை இம்மேடையில் ஒவ்வொன்றாக வாசிக்கும் நாள் வருமாக.

சங்கம் வளர்க!