கிழமை சொல்லி வாருங்கள்



ஜொகூர் பாருவின் இந்தத் தம்போய் வட்டாரத்தில் சில பிள்ளைகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மற்ற பிள்ளைகள் பள்ளியில் இருக்கும் நேரத்தில் அவர்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்திருப்பார்கள். மலாய் பேசுவார்கள். அது தெருவில் கற்ற மலாய். எழுதச் சொன்னால் தலை குனிந்துகொள்வார்கள். மியன்மாரிலிருந்து உயிர் தப்பி வந்த ரோஹிங்யாக் குடும்பங்களின் பிள்ளைகள் அவர்கள்.

நம் மலேசியா 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் சேரவில்லை. ஐ.நா. அகதிகள் ஆணையம் தரும் 'யுஎன் கார்டு' ஒன்றுதான் அவர்கள் கையில் இருக்கிறது. அதைக் காட்டி அரசுப் பள்ளியில் சேர முடியாது. எல்லா நாட்டு அகதிகளையும் சேர்த்தால், நாடு முழுவதும் பதிவு பெற்றவர்கள் மட்டுமே ஒன்றரை லட்சத்துக்கு மேல். அவர்களில் நான்கில் ஒருவருக்கும் மேல் 18 வயது நிரம்பாதவர்கள். அவர்களே நடத்தும் சிறு கல்வி மையங்கள் உண்டு. அவற்றிலும் வளர்ந்த பிள்ளைகள் நிலைப்பதில்லை. பையன் மண் சுமக்கப் போகிறான். பெண் வீட்டோடு நின்றுவிடுகிறாள்.

"நம் பிள்ளைகளுக்கே ஆயிரம் குறை, இது நமக்கெதற்கு?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் நம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது.

நம் பாட்டன்மார் பால்மரம் வெட்டிய காலத்தில், பல தோட்டங்களில் பள்ளி என்பது லயத்தை ஒட்டிய ஒரு கொட்டகை. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டம் பள்ளி நடத்த வேண்டும் என்றது 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம். பயிற்சி பெற்ற வாத்தியார் கிடைக்காத இடத்தில் எழுத்தறிந்த கங்காணியும் கிராணியும் பாடம் சொன்னார்கள். அந்தக் கொட்டகையில் உயிரெழுத்துப் படித்தவர்களின் பேரப்பிள்ளைகள்தாம் இன்று இந்த அவையில் இருக்கிறோம்.

கடலுக்கு அப்பாலும் ஒரு பாடம் உண்டு. இலங்கையின் 1983 இனக்கலவரத்துக்குப் பின் ஈழத்திலிருந்து தமிழ்நாட்டுக்கு வந்தவர்களுக்காக, ஈழத் தமிழர் தலைவர் தந்தை செல்வாவின் மகன் சந்திரகாசன் 1984இல் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தைத் தொடங்கினார். 1991க்குப் பிறகு சில ஆண்டுகள் அகதிப் பிள்ளைகளின் பள்ளி, கல்லூரிச் சேர்க்கையே முடங்கியது. அப்போதும் அந்த மக்கள் சோர்ந்துவிடவில்லை. முகாமுக்குள்ளேயே மாலை வகுப்பு நடந்தது. படித்த பிள்ளை தன்னிலும் சிறிய பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தது. பின்னர் கதவு திறந்தபோது நுழையத் தயாராக இருந்தார்கள். முகாம்களிலிருந்து ஆயிரக்கணக்கானோர் பட்டம் பெற்றார்கள். நண்பர்களே, கதவைத் திறப்பது அரசின் கையில். திறக்கும் நாளுக்குப் பிள்ளையைத் தயாராக வைத்திருப்பது நம் கையில்!

கோலாலம்பூரில் டெபோரா ஹென்றி என்பவர் மற்றவர்களோடு சேர்ந்து 2009இல் சோமாலியப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய பள்ளி இன்று பெயர் சொல்லும்படி வளர்ந்திருக்கிறது. தம்போயில் நாம் அவ்வளவு பெரிதாகத் தொடங்க வேண்டியதில்லை. மாலையில் ஒரு திடல், ஒரு பந்து, பிறகு ஒரு மணி நேர வாசிப்பு போதும். பந்தாட்டம் என்றால் பையன்களோடு முடிந்துவிடும். ஆகவே பெண்பிள்ளைகளுக்குத் தையலோ, ஓவியமோ, அவர்களே கேட்கும் வேறு எதுவோ தனியாக நடக்கட்டும். பெற்றோரைக் கேட்டுச் செய்வோம். பெரியவர் இருவர் எப்போதும் உடனிருப்போம். பிள்ளைகளைப் படம் பிடித்து முகநூலில் போட வேண்டாம். அந்தக் குடும்பங்கள் அச்சத்தோடு வாழ்கின்றன.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. பிஸ்கட் பொட்டலத்தோடு ஒருமுறை வந்து போகிறவர்களை அந்தப் பிள்ளைகள் நிறையப் பார்த்துவிட்டார்கள். வீட்டையும் ஊரையும் ஒரே இரவில் இழந்த பிள்ளைக்கு, சொன்ன நாளில் சொன்ன நேரத்தில் மறுபடி வரும் ஒரு மனிதர்தான் மருந்து. வாரம் ஒரு மணி நேரம், அதே அண்ணன், அதே அக்கா. "போன வாரம் எந்தப் பக்கத்தில் நிறுத்தினோம்?" என்று அவர் கேட்கும்போது, தன்னை ஒருவர் நினைவில் வைத்திருக்கிறார் என்று பிள்ளைக்குத் தெரிகிறது. முடியாத எதையும் வாக்குக் கொடுக்காதீர்கள். வர முடியும் என்றால் மட்டும் வருகிறேன் என்று சொல்லுங்கள்.

அகதிகளை ஏதிலியர் என்கிறோம். பழந்தமிழில் ஏதிலார் என்றால் அயலார். ஒருவருடைய பெயரைத் தெரிந்துகொண்ட பிறகு அவர் அயலார் அல்லர்.

இந்த மண்டபத்தின் வாசலில் ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறோம். நன்கொடைத் தொகை எழுத அதில் இடம் இல்லை. உங்கள் பெயரையும், வாரத்தில் எந்தக் கிழமை வருவீர்கள் என்பதையும் எழுதுங்கள். எழுதியபடி வாருங்கள்.