படத்துக்கு ஒரு சட்டம்

நான் ஓய்வு பெற்ற நாளன்று, எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் எங்கள் பள்ளி முற்றத்துப் புளியமரத்தை நீர்வண்ணத்தில் தீட்டிக் கொணர்ந்து என் கையில் கொடுத்தான். அதனைக் கடையில் கொடுத்துச் சட்டமிட்டுக் கூடத்துச் சுவரில் மாட்டினேன். இரண்டு மழைக்காலங்கள் கழிந்தன. சுவரின் ஈரம் உள்ளே புகுந்தது. தாள் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. பிரித்தெடுத்தபோது மரத்தின் பாதி தாளிலும், மற்றப் பாதி கண்ணாடியிலும் இருந்தது.

கடைக்காரரை நோவதில் பயனில்லை. படம் கண்ணாடியைத் தொடலாகாது என்பதை அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நீர்வண்ணத்தில் பிசின் உண்டு; ஈரம் பட்டால் அது மீண்டும் இளகும். சட்டத்தை அலங்காரம் என்றே பலர் கருதுகிறோம். அதன் முதற்கடமை காவல் என்பதை அன்றுதான் உணர்ந்தேன். நானே சட்டம் செய்யக் கற்கவும் துணிந்தேன்.

முதலில் கணக்கு. படம் 8 அங்குல அகலமும் 12 அங்குல உயரமும் உடையது என்று கொள்வோம். சுற்றிலும் 2 அங்குலம் விட்டு, நடுவே சாளரம் வெட்டிய தடித்த அட்டையைப் படத்தின்மேல் வைக்க வேண்டும். படத்துக்கும் கண்ணாடிக்கும் இடைவெளி தருவது இவ்வட்டையே. ஆக, உள்ளளவு 12க்கு 16 அங்குலம். கண்ணாடியை மட்டும் அரை நூல் குறைத்து வெட்டச் சொல்லுங்கள். சட்டமரம் 1 அங்குல அகலமும், கண்ணாடி அமர 2 நூல் காடியும் உடையதாயின், வெளிப்புற அளவு பதின்மூன்றரைக்குப் பதினேழரை. நான்கு பக்கமும் கூட்ட 62 அங்குலம். வாள் தின்னும் மரத்தையும் எண்ணி 6 அடி வாங்குவது நலம்.

அடுத்து மூலைகள். மூன்று பலகைகளால் சிறு தொட்டி செய்து, அதன் இரு பக்கச் சுவர்களிலும் 45 பாகைச் சாய்வில் வழி வெட்டிக்கொண்டால் வாள் தவறாது. எதிரெதிர்ப் பக்கங்கள் நீளத்தில் மயிரிழையும் பிசகலாகாது. வச்சிரம் தடவி மூலைகளைச் சேர்த்து, கயிற்றால் சுற்றி இறுக்குங்கள். இரு மூலைவிட்டங்களும் சமமாயின் சட்டம் சதுரமாக நிற்கிறது என்று பொருள். வச்சிரம் உலருமுன் இதனைச் சோதித்தல் அவசியம்.

படத்தை முழுதும் ஒட்டிவிடாதீர்கள். தாள் ஈரத்தில் விரியும், வெயிலில் சுருங்கும். மேல் விளிம்பில் மட்டும் இரண்டு மெல்லிய காகிதத் துண்டுகளை மாவுப் பசையால் ஒட்டித் தொங்கவிடுவதே முறை. அமிலமற்ற அட்டையைப் பின்னே வையுங்கள். மலிவான அட்டை நாளடைவில் தாளைப் பழுப்பாக்கும். பின்புறத்தைக் காகிதத்தால் மூடினால் இராமபாணப் பூச்சி எளிதில் நுழையாது. கீழ் மூலைகளில் இரு தக்கைத் துண்டுகளை ஒட்டினால் சுவருக்கும் சட்டத்துக்கும் இடையே காற்று உலவும். நேர்வெயில் விழும் சுவர் வேண்டாம்.

சென்ற ஆண்டு அம்மாணவன் என்னைக் காண வந்தான். சிதைந்த படத்தை மறைக்காமல் காட்டினேன். "வேறொன்று வரைந்து தருகிறேன், ஐயா" என்றான். "நீ வரை, சட்டம் என் பொறுப்பு" என்றேன்.

புதிய படம் இன்று கூடத்தில் இருக்கிறது. 45 பாகையை ஆயுள் முழுதும் கரும்பலகையில் வரைந்தவன் நான். எனினும் ஒரு மூலை சற்றே வாய் பிளந்து நிற்கிறது. அவன் அதைக் கண்டு நகைத்தான். ஆனால் இரண்டு மழைகளுக்குப் பின்னும் மரம் முழுமையாக நிற்கும் என்று நம்புகிறேன்.