ஆற்றைக் கெடுத்தவர் ஆற்றை மீட்கவேண்டும்!
(ஒருகொடவத்தைப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஒருகொடவத்தைச் சந்தியிலே நின்று நாற்புறமும் நோக்குங்கள். எண்ணெய்த் தாங்கிகள், கொள்கலன்கள் அடுக்கிய சுங்க முற்றம், அவிசாவளை வீதியில் ஓயாது உறுமும் லொறிகள். வடக்கே களனி கங்கை. தென்கிழக்கே கொலன்னாவைச் சதுப்பு. இவ்விரண்டுக்கும் நடுவிலேதான் நமது வாழ்வு அமைந்திருக்கிறது.

இன்று நாம் பேசவந்தது கொடுப்புலியைப் பற்றி என்றால் சிலர் நகைக்கக்கூடும். நகைக்கட்டும். மீன்பிடித்துண்ணும் அந்தப் பூனையினம் உலகில் அருகிவருகிறது. நமது தலைநகரின் சதுப்புகளிலோ அது இன்றும் உலாவுகிறது, நீர்நாயும் உண்டு. இத்தகைய செல்வம் இருந்தமையாலேயே 2018இல் ரம்சார் உடன்படிக்கையின் கீழ்க் கொழும்பு ‘ஈரநில நகரம்’ என்னும் அங்கீகாரத்தைப் பெற்றது. பட்டம் கிடைத்துவிட்டது. சதுப்பைக் காக்கும் கடமை எவருடையது?

சதுப்பைப் பாழ்நிலமென்று எண்ணியதன் பலனை நாம் கண்டோம். மீதொட்டமுல்லைக் குப்பைமலை 2017 ஏப்ரல் 14ஆந் திகதி, சித்திரைப் புத்தாண்டு தினத்திலே சரிந்து, முப்பதுக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. 2016 மே மாதத்திலே கொலன்னாவையும் வெல்லம்பிட்டியும் வெள்ளத்தில் மூழ்கின. மழைநீரை ஏந்தும் பாத்திரம் சதுப்பு. பாத்திரத்தை மண்ணிட்டு மூடினால் நீர் நமது அடுப்படிக்குத்தான் வரும்.

ஆலைகள் வேண்டாமென்று நாம் கூறவில்லை. வேலைநிறுத்த உரிமைக்காக வாதாடும் நாம் வேலையே ஒழிக என்போமா? ஆனால் ஆலை எதைச் செய்கிறது என்பது மாத்திரமல்ல, எதை வெளியே விடுகிறது என்பதும் நமக்குத் தெரியவேண்டும். சாயக்கழிவு கலங்கிய நீரில் வெயில் இறங்காது. வெயிலின்றி நீர்த்தாவரம் வளராது. கழிவு அழுகும்போது நீரிலுள்ள ஒட்சிசனைக் குடித்துவிடுகிறது. மீன் மூச்சடைத்துச் சாகிறது. மீன் செத்தபின் கொடுப்புலி எதைத் தின்னும்?

மனிதனும் தப்புவதில்லை. 2015 ஆகஸ்டிலே ஒரு குளிர்பான ஆலையிலிருந்து டீசல் களனியிற் கலந்தது. கொழும்புக்குக் குடிநீர் அளிக்கும் அம்பத்தலையில் நீர் வழங்கல் தடைப்பட்டது. அவ்வாலையின் சுற்றாடல் உத்தரவுப்பத்திரமும் இடைநிறுத்தப்பட்டது. உலகப் பெயர்பெற்ற கம்பனிக்கும் ஒரு குழாயின் ஓட்டையைக் கவனிக்க ஆளில்லாமற் போயிற்று!

சட்டம் இல்லையா? உண்டு. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டம் இருக்கிறது. 1988ஆம் ஆண்டின் திருத்தத்தால், உத்தரவுப்பத்திரமின்றிக் கழிவை வெளியேற்றுவது தடுக்கப்பட்டது. 2000ஆம் ஆண்டிலே எப்பாவலை விவசாயிகள், பொசுபேற்று அகழ்வை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் வென்றனர். 2019 ஏப்ரலிலே, சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த வழக்கில், மின்னிலையக் கம்பனி 20 மில்லியன் ரூபா நட்டஈடு கொடுக்கவேண்டுமென்று அதே நீதிமன்றம் தீர்த்தது. ஆனால் பணம் கிணற்றைத் தூய்மையாக்குமா?

இங்கேதான் கடல்கடந்த ஒரு தீர்ப்பை நினைவூட்டுகிறோம். தமிழ்நாட்டிலே பாலாற்றை நஞ்சாக்கிய வேலூர்த் தோற்பதனீட்டு ஆலைகளைப் பற்றி இந்திய உச்ச நீதிமன்றம் 1996இல் கூறியது யாது? மாசுபடுத்தியவர் பாதிக்கப்பட்ட மக்களுக்கு ஈடு கொடுத்தால் மட்டும் போதாது. கெட்ட சூழலை மீட்கும் செலவையும் ஏற்கவேண்டும் என்பதே. அருமையான தீர்ப்பு. எனினும் 2025 ஜனவரியிலே அதே நீதிமன்றம் அதே பாலாற்றுக்காக மறுபடியும் தீர்ப்பு வழங்க நேர்ந்தது! தீர்ப்புக்குப் பின்னால் மக்கள் கண்விழித்திராவிட்டால் காகிதம் ஆற்றைச் சுத்திகரிக்காது.

அண்மைக் காலத்திலே பெருங் கம்பனிகள் காடு வளர்க்கின்றன, கண்டல் நடுகின்றன. நல்ல காரியம், ஏளனஞ் செய்யமாட்டோம். ஆனால் ஆலை களனிக் கரையிலும் மரம் நூறு மைலுக்கு அப்பாலும் என்றால் கணக்குப் பொருந்துமா? மரம் நடும் படத்தைப் பத்திரிகைக்கு அனுப்புமுன், தன் மதிலோரத்து வாய்க்காலைக் கம்பனி பார்க்கட்டும். மழைநீர்க் கானும் எண்ணெய்க் கழிவும் கலவாதபடி எண்ணெய்ப் பொறிகள் அமைக்கட்டும். தனக்கு மூலப்பொருளும் சாயமும் அளிக்கும் சிறிய பட்டறைகளின் கழிவுக்கும் பொறுப்பேற்கட்டும்.

மீட்புக்கும் இங்கே வேலை குவிந்துகிடக்கிறது. சிங்களத்தில் வெல்-ஆத்தா எனப்படும் அந்நிய மரம் நமது சதுப்புகளை அடர்ந்து மூடி, நாணலும் புல்லும் இருந்த இடத்தை விழுங்குகிறது. அதை அகற்றவேண்டும், அடைபட்ட வாய்க்கால்களைத் திறந்து சதுப்பையும் கங்கையையும் மீண்டும் இணைக்கவேண்டும். இவ்வேலைக்கு இவ்வூர் இளைஞரைக் கூலி கொடுத்து அமர்த்தவேண்டும். ஒருநாள் விழாவுக்கு வரும் உத்தியோகத்தர்களால் ஆகும் காரியமன்று.

ஆலைக்குள் வேலைசெய்யும் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. இரவிலே எந்த வாயில் திறக்கப்படுகிறது என்பதை முதலில் அறிபவர் நீங்கள்தாம். அதைச் சொன்னதற்காக எவரும் வேலை இழக்கக்கூடாதென்பதைத் தொழிற்சங்கங்கள் கூட்டு ஒப்பந்தத்தில் எழுதிக்கேட்கவேண்டும்.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, இப்பகுதி ஆலைகளின் உத்தரவுப்பத்திர நிபந்தனைகளையும் கழிவுநீர் அளவீடுகளையும் மத்திய சுற்றாடல் அதிகார சபையிடம் கேட்கும் மனுக்கள் தமிழிலும் சிங்களத்திலும் தயாராகி அந்த மேசையில் இருக்கின்றன. கூட்டம் முடிந்து வீடு திரும்புமுன் கையெழுத்திட்டுச் செல்லுங்கள். திங்கட்கிழமை காலை நாமே கொண்டுபோய்க் கொடுப்போம்.