எரிமலை மூடிய வெந்நீர்ப் படிகள்



யோங் பெங்கிலிருந்து சிகாமட் செல்லும் சாலையில் உள்ள லாபிஸை நீங்கள் அறிவீர்கள். அங்கே வெந்நீர் ஊற்று உண்டு. "அப்படியானால் லாபிஸின் அடியில் எரிமலை இருக்கிறதா, சார்?" என்று என் மாணவன் ஒருவன் கேட்டான்.

இல்லை. மழைநீர் பாறைப் பிளவுகளின் வழியே ஆழத்துக்கு இறங்குகிறது. அங்கே ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சுமார் 25 முதல் 30 பாகை செல்சியஸ் வரை சூடு கூடும். அப்படிச் சூடேறிய நீரே மேலே வருகிறது.

ஆனால் எரிமலையின் அருகிலேயே பிறக்கும் ஊற்றுகளும் உண்டு. நியூசிலாந்தில் தாராவேரா எரிமலைக்குப் பக்கத்தில் ரோத்தோமஹானா என்ற ஏரி இருக்கிறது. அதன் கரையில் வெந்நீர் ஊற்றுகள் வழிந்து, சிலிக்கா என்னும் தாதுப்பொருள் படிந்து படிந்து, படிக்கட்டுகள் போன்ற குளங்கள் உண்டாகியிருந்தன. தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதல்லவா? அதுபோலத்தான். ஒன்று வெள்ளை, மற்றொன்று இளஞ்சிவப்பு. அவற்றைக் காணக் கடல் கடந்து மக்கள் வந்தார்கள். அந்த மண்ணின் மாவோரி மக்களே வழிகாட்டிகள்.

1886 ஜூன் 10 அதிகாலையில் தாராவேரா வெடித்தது. கிராமங்கள் புதைந்தன, ஏறத்தாழ 120 பேர் மாண்டனர். சோஃபியா என்ற மாவோரி வழிகாட்டியின் வீடு தாக்குப்பிடித்து, 60 பேருக்கும் மேல் உயிர் காத்தது. ஏரியின் உருவமே மாறிப்போனது. படிகள் இருந்த இடமும் தெரியாமல் போனது.

ஆனால் 1859-இல் அங்கே வந்த ஹோக்ஸ்டெட்டர் என்ற நிலவியலாளர், திசைகாட்டியை வைத்து ஒவ்வொரு இடத்தின் திசையையும் தம் குறிப்பேட்டில் எழுதியிருந்தார். 150 ஆண்டுகளுக்குப் பின் அந்தக் குறிப்பேடு கிடைத்தது. அதைக் கொண்டு கணக்கிட்ட இருவர், படிகள் ஏரிக்கரையில் 10 முதல் 15 மீட்டர் சாம்பலின் அடியில் இருக்கலாம் என்று 2017-இல் எழுதினர். ஏரியின் அடியை ஆராய்ந்த அறிவியலாளர்களோ, எஞ்சியவை நீருக்குள்தான் என்கிறார்கள். வழக்கு தீரவில்லை. ஆனாலும், ஒருவர் எழுதி வைத்ததால்தான் இன்று தேடவாவது முடிகிறது.

பெற்றோர்களே, நம் இடங்களை மூட எரிமலை வர வேண்டியதில்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, தோட்டங்கள் கைமாறின, லயங்கள் இடிந்தன. பழைய கிணறும் பால் கொட்டகையும் மாரியம்மன் கோயிலும் எங்கே இருந்தன என்பது பாட்டிக்குத் தெரியும், பேரனுக்குத் தெரியாது.

ஆகவே இன்றிரவே பிள்ளையை ஒரு நோட்டுப் புத்தகத்தோடு பாட்டியின் பக்கத்தில் உட்கார வையுங்கள். "கோயில் இருந்தது" என்று மட்டும் எழுதினால் போதாது. எந்த மரத்துக்குக் கிழக்கே, ஆற்றிலிருந்து எத்தனை அடி என்றும் எழுதட்டும்.