கடல் வெப்பமும் மிதவைச் சான்றும்

கடலின் மேற்பரப்பு வெப்பநிலையைச் செயற்கைக்கோள் அளக்கிறது என்று கூறுவது வழக்கமாகிவிட்டது. உண்மையில், கடற்பரப்பு வெளியிடும் அகச்சிவப்புக் கதிர்களையே அது பெறுகிறது. வெப்பநிலை அவற்றிலிருந்து கணக்கிடப்படுவதாகும். கணக்கு என்று வந்தபின் தணிக்கையும் வேண்டும் என்பதை இங்குக் கூடியுள்ள அதிகாரிகளுக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை.

அக்கதிர்கள் புறப்படுவது கடலின் மிக மெல்லிய மேல்தோலிலிருந்து. வழியில் நீராவி ஒரு பகுதியை விழுங்கிவிடுவதால், கடல் உள்ளதைவிடக் குளிர்ந்ததாகத் தோன்றும். 11, 12 மைக்ரான் அலைநீளங்களை நீராவி வெவ்வேறு அளவில் விழுங்குகிறது; இவ்வேறுபாட்டைக் கொண்டு குறையை ஈடுசெய்வர். 2013 ஜூலையில் ஏவப்பட்ட இன்சாட்-3டி கோளிலும் இதற்கான வசதி அமைந்திருந்தது. ஆயினும் மேகத்தை அகச்சிவப்புக் கதிர் ஊடுருவாது. 1982இல் மெக்சிகோவின் எல் சிச்சோன் எரிமலை கக்கிய நுண்துகள்களும் கோள்களின் கணக்கைக் குளிர்ப்பக்கம் சாய்த்தன. கடலிலேயே எடுத்த அளவீடுகளுடன் ஒப்பிட்டபோதுதான் பிழையின் அளவு புலப்பட்டது.

நம் கடல்களில் அத்தகைய சான்றை அளிப்பவை மிதவைகள். சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் 1997 முதல் வங்கக் கடலிலும் அரபிக் கடலிலும் அவற்றை நிறுவியது. ஒப்பீடும் எளிதன்று. மிதவையின் வெப்பமானி மேல்தோலுக்குக் கீழேயுள்ள நீரை அளக்கிறது. காற்றில்லாத நண்பகலில் மேற்பரப்பு அந்நீரைவிட ஒரு டிகிரிக்கு மேலும் சூடேறக்கூடும். இரவில் மேல்தோல் சற்றே குளிர்ந்திருக்கும். இவ்வேறுபாடு முழுவதையும் கோளின் பிழையாக எழுதிவிடுதல் முறையாகாது. எனவே அளவீடுகளை ஒரே இடத்துக்கும் ஏறத்தாழ ஒரே நேரத்துக்கும் உரியனவாகத் தேர்ந்தெடுத்து, இரவுக்கும் பகலுக்கும் தனித்தனியே கணக்கிடுவர்.

எத்தனை துல்லியம் தேவை என்பது பயனைப் பொறுத்தது. ஹைதராபாதிலுள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம், மீன்வளம் மிகுந்த இடங்களை மீனவர்க்கு அறிவிக்கிறது. சூடான நீரும் குளிர்ந்த நீரும் சந்திக்கும் எல்லையே அதில் ஒரு முக்கியத் தடயம். ஒரே சீரான அரை டிகிரிப் பிழையால் அவ்வெல்லை இடம் மாறிவிடாது. புயல் வலுப்பெறுவதைக் கணிப்பதில் அந்த அரை டிகிரி பொருட்படுத்தத்தக்கது. கடல் ஆண்டுதோறும் சூடேறுகிறதா என்று காண்பதிலோ, அதனினும் சிறிய பிழையே முடிவைத் திரித்துவிடும்.

இத்தணிக்கையின் சாட்சிக்கு ஓர் இடையூறு உண்டு. மிதவையைச் சுற்றி மீன்கள் கூடுவதால் படகுகள் அங்கே நெருங்குகின்றன. வலை சிக்குகிறது, கருவிகள் சேதமுறுகின்றன, சில வேளைகளில் களவும் போகின்றன. கோள் ஏவுவதற்குக் கிடைக்கும் கவனம் இப்பராமரிப்புக்குக் கிடைப்பதில்லை. கப்பல் சென்று பழுது நீக்கும்வரை அந்தக் கடற்பகுதியில் கோளின் கணக்கைச் சரிபார்க்கும் வெப்பமானி இராது. அவ்விடைவெளியிலும் அக்கணக்கு நாள்தோறும் வெளிவந்துகொண்டே இருக்கும்.