உயரம் அல்ல, முழங்கால்



வலைப்பந்தில் எறிந்த பந்து வளையத்தை எட்டாவிட்டால், "நமக்கு உயரம் போதாது" என்று நாமே ஒதுங்கிக்கொண்டோம். தர்ஜினி சிவலிங்கத்தின் உயரம் எல்லோருக்கும் வாய்க்குமா? ஆளைக் குறை சொல்லாமல் காரணத்தைத் தேடுவதுதான் வைத்தியம். விளையாட்டிலும் அப்படித்தான்.

வளையம் 10 அடி உயரத்தில். அது இறங்கி வராது. பந்து எட்டாமல் விழுந்தால், முழங்கால் மடிந்து நிமிர்கிறதா என்று பாருங்கள். பக்கமாக விலகினால், முழங்கை வெளியே விரிகிறதா என்று பாருங்கள். வளையத்துக்குப் பின்னால் பலகை இல்லை. பந்து மேலெழுந்தே உள்ளே இறங்கவேண்டும். தட்டையாகப் போனால், தலைக்கு மேலிருந்து எறியச் சொல்லுங்கள். ஒரு தடவைக்கு ஒரு பிழையை மட்டும் திருத்துங்கள்.

லுணுகலைக்கு வரும்போதெல்லாம் மைதானத்துக்கும் போவோம். குள்ளமென்று ஒதுங்கி நிற்கும் தங்கையைக் கூப்பிட்டு, அவள் கையில் பந்தைக் கொடுப்போம்.